ஒட்டுவாய் ஹனீஃபா

திருச்சிக்காரர்களுக்கு ஒரு கர்வம் உண்டு. நெல்லைக்காரன் இழுப்பான், கோயமுத்தூர்க்காரன் குழைவான், மதுரைக்காரன் அங்கிட்டு இங்கிட்டு என்பான், மெட்ராஸ்காரனைப் பற்றிப் பேசவே வேண்டாம். நமக்கு மட்டும் வழக்கு கிழக்கு ஒன்றும் கிடையாது, நாம் வாயைத் திறந்தால் வருவதுதான் தமிழ் என்று அடித்துச் சொல்வார்கள். சரி, சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த ஊரில் போய் ஹனீஃபா பிறந்தாரே, அதைத்தான் என்னவென்று சொல்வது!

சிங்காரத்தோப்பில் அவருக்கு சூட்கேஸ் கடை. 'ஹனீஃபா பெட்டிக் கடை' என்று பெயர்ப்பலகை எழுதச் சொன்னார். எழுதியவர் நடுவில் இடம் விடாமல் 'பெட்டிக்கடை' என்று சேர்த்து எழுதிவிட்டார். கடை திறந்த புதிதில் வந்தவர்கள் எல்லாம் பீடியும் வாழைப்பழமும்தான் கேட்டார்கள். வந்து கேட்டவர்களிடம் அவரவர் பேச்சிலேயே ஹனீஃபா இல்லை என்று சொன்னார். அதுதான் அவருடைய வியாதி.

எதிரே நிற்பவர் எப்படிப் பேசுகிறாரோ, அப்படியே ஹனீஃபாவுக்கும் பேச்சு வந்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை, பாவம். கொட்டாவி தொற்றுகிற மாதிரி தொற்றிக்கொள்ளும். வார்த்தை மட்டும் அல்ல, இழுப்பு, ஏற்றம், இறக்கம், எந்த எழுத்தில் அழுத்தம் விழுகிறதோ அந்த அழுத்தம், எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பில் எழுதினால்கூட அப்படித்தான். வாடிக்கையாளர் சாய்ந்து நின்றால் எழுத்து சாயும். அவசரப்பட்டால் புள்ளியெல்லாம் பறந்துபோகும். கச்சேரிக்குப் போனால் பக்கத்து நாற்காலிக்காரர் தொடையில் எங்கே தட்டுகிறாரோ அங்கேதான் இவருக்கும் தட்டு விழும். அவர் தாளம் தப்பினால் இவரும் தப்புவார். கடைத்தெருவில் எல்லாரும் 'ஒட்டுவாய் பாய்' என்றே கூப்பிட்டார்கள்.

வியாபாரத்துக்கு இது ஒருவகையில் நல்லதுதான். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ரங்கநாயகி மாமி, அமெரிக்கா போகும் மகளுக்குப் பெட்டி வாங்க வந்தார்.

"இது கெட்டியா இருக்குமோன்னோ? ஏர்போர்ட்ல தூக்கித் தூக்கிப் போடறாளே!"

"பேஷா இருக்கும் மாமி. எப்படித் தூக்கிப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, அடியேன் கியாரண்டி. எப்போ கிளம்பறேள்?"

மாமி அவர் தலையில் இருந்த தொப்பியைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். இரண்டு பெட்டியாக வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தத் தெருவே கிளம்பி வந்தது. "சிங்காரத்தோப்பு பாய்கிட்டே போங்கோ, ஆத்து மனுஷா மாதிரி அத்தனை அனுசரணையா பேசறார்" என்று பேச்சு.

வம்பு என்னவென்றால், கடைசியாக ஒட்டியது சில நாள் வீடு வரைக்கும் கூடவே வரும். அன்று ராத்திரி ஹனீஃபா செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்: "ஷஹனாஸ், தளிகை ஆயிடுத்தா? இன்னிக்கு என்ன கறியமுது?"

ஸ்ரீரங்கத்தில் தளிகை என்றால் சமையல், கறியமுது என்றால் காய்கறிப் பொரியல். அறந்தாங்கியில் பிறந்து வளர்ந்த ஷஹனாஸுக்கு அது எங்கே தெரியும்? "ஆட்டுக்கறி இருக்கு. அமுதா பக்கத்து வீட்டுல இருக்கா. உங்களுக்கு எது வேணும்?" என்றார். மகள் சம்ரீன் சோற்றுத் தட்டோடு சுருண்டு விழுந்து சிரித்தாள்.

வைத்தியமும் பார்த்தாயிற்று. தில்லை நகரில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் நார்மல் என்று சொல்லி அனுப்பினார். வெளியே வந்த ஹனீஃபாவிடம் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "உள்ள ரொம்ப நேரம் ஆகுமாங்க?" என்று கேட்டிருக்கிறார். ஹனீஃபாவுக்கு டாக்டரின் பேச்சு இன்னும் வாயிலிருந்து இறங்கவில்லை. "டோன்ட் வொரி. த்ரோட் லைட்டா ரெட்டா இருக்கும். ஆவி பிடிங்க, கூல் ட்ரிங்க்ஸ் அவாய்ட் பண்ணுங்க" என்றார். பெரியவர் கும்பிட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விட்டார். குணமாகிவிட்டது என்றுதான் கேள்வி.

சிரிக்கிற விஷயமாகவே எல்லாம் போய்க்கொண்டிருந்தது, சம்ரீனுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிற வரைக்கும்.

முதலில் உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையான பெரியத்தாதான் பேச்சை ஆரம்பித்தார். "ஏனுங் பாய், பொண்ணு என்ன படிச்சிருக்குதுங்?"

"பி.காம் முடிச்சிருக்குதுங். மெயின்கார்டு கேட் பக்கம் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகுதுங்."

பெரியத்தாவின் முகம் மாறியது. "எங்கூர்ப் பேச்சை நக்கல் பண்றீங்களாக்கும்?"

"அய்யோ, நக்கலெல்லாம் இல்லீங். என்ற வாயே இப்படித்தானுங்!"

"பாருங், மறுக்காவும் பண்றாரு!"

டீ ஆறிப்போய் ஏடு கட்டியதுதான் மிச்சம். வந்தவர்கள் வந்த வேனிலேயே திரும்பிப் போனார்கள். விளக்கம் சொல்ல ஹனீஃபா வாசல் வரை ஓடினார். ஓடி ஓடிச் சொன்னதும் கொங்குத் தமிழில்தான் வந்தது. எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியாயிற்று.

அந்த வரன் போனதில் சம்ரீனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாசில் என்ற பையன், இரும்புத் தூள் கண்ணில் படாமல் இருக்க சம்ரீனின் கடையில் ஒரு கண்ணாடி வாங்கியிருக்கிறான். மூக்கில் உட்காரவில்லை, காதை அழுத்துகிறது, திருகு லூசாகிவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தபடியே இருந்திருக்கிறான். திருகைச் செய்கிற பட்டறைக்காரனுக்குத் திருகு முடுக்கத் தெரியாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திறந்து ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாத அந்தப் பையன், கடைசியில் "வீட்டுல வந்து கேக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டான்.

சம்ரீன் அத்தாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தா, ஒண்ணு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் நீங்க வாயைத் திறக்காம இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

ஹனீஃபா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஆனால் அன்று முழுக்க அவருக்கு மனசே சரியில்லை. பெற்ற பெண்ணே வாயை மூடு என்று சொல்லும்படி ஆகிவிட்டதே! ஊரில் யார் யாரோ அவர்கள் இஷ்டத்துக்குப் பேசிக்கொண்டு திரிகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் அல்லாஹ் சொந்தமாக ஒரு பேச்சைக் கொடுக்கவில்லை என்று ஒரு சூட்கேஸைத் துடைத்த துணியாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஷஹனாஸ் ஒரு யோசனை சொன்னார். தொண்டை கட்டிவிட்டது, டாக்டர் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார் என்று சமாளித்துவிடலாம். நம்பும்படி இருக்க வேண்டும் என்று கழுத்தில் ஒரு கம்பளி மஃப்ளர். மே மாதம், அக்னி நட்சத்திரம், திருச்சி. காவிரி மணலில் அப்பளம் பொரிக்கலாம் போலிருந்த வெயிலில் ஹனீஃபா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, வேர்வையில் ஊறியபடி சோபாவில் உட்கார்ந்தார்.

ஆட்டோ வந்து நின்றது. பாசில் இறங்கினான். அவன் அம்மா ஆரிஃபா இறங்கினார். கடைசியாக அவன் அத்தா அப்துல் அஹத் இறங்கினார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கழுத்திலும் ஒரு மஃப்ளர்.

"வாங்க வாங்க" என்றார் ஷஹனாஸ். "இவங்களுக்குப் பாருங்க, தொண்டை கட்டிருச்சு. பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஆரிஃபாவின் வாய் திறந்தபடி நின்றது. "அடக் கொடுமையே, இவங்களுக்கும் அதேதாங்க!"

இரண்டு அத்தாக்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இவர் தலையாட்டினார், அவரும் ஆட்டினார். அவர் மஃப்ளரைத் தளர்த்தினார், இவரும் தளர்த்தினார். பெண்கள் இருவரும் வெயிலையும் மாம்பழத்தையும் காவிரியில் தண்ணீர் வருமா வராதா என்பதையும் பேசித் தீர்த்தார்கள். பேச்சு நன்றாகவே போனது. உள்ளறையில் சம்ரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் தாண்டிவிட்டால் கல்யாணம் முடிவாகிவிடும்.

அப்போதுதானா அவன் வர வேண்டும்! தெருவில் ஒரு தட்டு வண்டி, அதில் ஒரு ஒலிபெருக்கி, அதில் பதிந்து வைத்த குரல்: "பழைய இரும்பேய்ய்... பழைய பேப்பரேய்ய்... ஓட்டை பக்கெட்டேய்ய்..."

வாசலிலேயே நின்று வண்டி கத்திக்கொண்டிருந்தது. ஹனீஃபா பல்லைக் கடித்தார். எதிரே சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் ஷர்பத் அப்படியே இருக்கிறது. வந்தவரை ஒரு வாய் குடியுங்கள் என்று சொல்லாமல் எப்படி உட்கார்ந்திருப்பது? சாடைதான் காட்ட நினைத்தார். வாய் முந்திக்கொண்டது.

"ஷர்பத்தேய்ய்... எடுத்துக்கங்கேய்ய்..."

அப்துல் அஹத் நிமிர்ந்தார். "எடுத்துக்கறேனேய்ய்... நீங்களும் குடிங்கேய்ய்..."

ஷஹனாஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஆரிஃபா நெற்றியில் அடித்துக்கொண்டார். முதலில் எழுந்தது அப்துல் அஹத்தான். திருநெல்வேலி ரயிலில் பல வருஷம் போய் வந்த மனிதர். கோபம் வந்தால் அந்த ஊர்தான் முதலில் வாயில் வரும்.

"எதுக்கு வே என்னைக் கேலி பண்ணுதீரு?"

"நீரு எதுக்கு வே என்னைக் கேலி பண்ணுதீரு?" என்று ஹனீஃபாவும் எழுந்தார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சமாதானமாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில், சமாதானப் பேச்சு என்றால் அவருக்குத் தெரிந்தது ரங்கநாயகி மாமிதான். "கோச்சுக்காதேள்! அடியேன் தப்பா ஒண்ணும் சொல்லலையே!"

"நானும் கோச்சுக்கலையே! நீங்கன்னா முதல்ல எழுந்தேள்!"

"இல்லை, நீங்கதான் எழுந்தேள்!"

"அட, இன்னாபா இது, விட்டா பேசிக்கினே போற!"

"நீ இன்னாபா, நீயுந்தானே பேசிக்கினே கீற!"

இப்படியே ஒரு சுற்று. மதுரையில் அண்ணே என்று கட்டிக்கொள்ளப் போனார்கள், சேலம் வந்ததும் மறுபடி முறைத்துக்கொண்டார்கள். யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று அவர்களுக்கே பிடிபடவில்லை. கடைசியில் எந்த ஊரும் மிச்சம் இல்லாமல், எந்த ஊரிலும் யாரும் பேசாத ஒரு தமிழில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அந்தத் தமிழில் அப்துல் அஹத் மெதுவாகக் கேட்டார்: "உங்களுக்குமா?"

ஹனீஃபா தலையாட்டினார். அவர் கண்ணில் தண்ணீர். இத்தனை வருஷம் தன்னைப் போல் உலகத்தில் இன்னொரு ஆள் இருக்கும் என்று அவர் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"மானம் போகுது, வாயைத் திறக்காதீங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்" என்று ஆரிஃபா அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் சொன்னார். "நானும்தான்" என்றார் ஷஹனாஸ். உள்ளறையிலிருந்து சம்ரீனின் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பாசில் ஏன் அப்படி ஆனான் என்று அப்போது எல்லாருக்கும் புரிந்தது. ஒன்று பேசினால் வீட்டில் அதுவே திரும்பி வரும் என்று பையன் சின்ன வயதிலேயே பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டான். நிச்சயம் அன்றைக்கே முடிந்தது.

ஆனால் நிக்காஹ் என்று ஒன்று இருக்கிறதே. அதில் பெண்ணின் அத்தா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் தரும் மஹர் என்ற மணக்கொடைக்கு என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று வாயால் சொல்ல வேண்டும். நிக்காஹை நடத்தி வைக்கும் ஹஜ்ரத் எடுத்துக் கொடுக்க, அதை அப்படியே திருப்பிச் சொல்வது அந்த ஜமாஅத்தில் வழக்கம். அந்த ஹஜ்ரத் நல்ல மனிதர், கனமான குரல். மைக்கைக் கண்டால் மட்டும் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் பிடித்துத் தூக்கி, அந்தரத்தில் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டுத்தான் கீழே விடுவார். ஹனீஃபா அதைத் திருப்பிச் சொன்னால் என்ன ஆகும்! மண்டபமே சிரிக்கும். இளவட்டங்கள் செல்போனில் பிடித்து ராத்திரிக்குள் பாலக்கரை முழுக்க அனுப்பிவிடுவார்கள்.

"பொறுப்பை ஹஜ்ரத்துகிட்டயே கொடுத்துடுங்க அத்தா" என்றாள் சம்ரீன். "உங்களுக்குப் பதிலா அவங்களே சொல்லிடுவாங்க. அப்படியும் செய்யலாமாம். எல்லாரும் சிரிச்சா எனக்குத் தாங்காது."

"சரிம்மா" என்றார் ஹனீஃபா. இருக்கிறது ஒரே பெண். அவளைக் கொடுத்தேன் என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம். அதையும் இன்னொருவர் வாயில் கொடுத்துவிட்டு நான் அங்கே பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டுமா?

நிக்காஹ் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் ஆண்கள். ஹஜ்ரத் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார். அப்துல் அஹத் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். பாசிலின் கை ஹனீஃபாவின் கைக்குள் இருந்தது, சில்லென்று இருந்தது.

"பெண்ணுடைய பொறுப்பை எங்கிட்ட ஒப்படைக்கிறீங்களாஆஆ?" என்று கேட்டார் ஹஜ்ரத்.

ஹனீஃபா தலையாட்டினார்.

"வாயால சொல்லணும்ம்ம்."

ஹனீஃபா வாயைத் திறந்தார். ஒப்படைக்கிறேன் என்ற அந்த வார்த்தையும் வால் தூக்கிக்கொண்டு தொண்டையில் தயாராக நின்றது. மூடிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். முன்வரிசையில் ரெண்டு செல்போன் மேலே எழும்பியது. பாசிலைப் பார்த்தார், பையன் பேசாமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே பேசுகிற வாய் ஒன்றும் இல்லை. ஹஜ்ரத்தின் வாலை விட்டால் ஒட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில், தனக்கென்று ஒரு சொல்கூட இல்லாமல், ஹனீஃபா வேர்த்து வழிந்தார். வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அத்தா, நீங்களே சொல்லுங்க."

கல்யாணப் பெண் சபையில் குரல் கொடுப்பதா! பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹஜ்ரத் மைக்கை மெல்ல ஹனீஃபா பக்கம் திருப்பி வைத்தார்.

"என் மகள் சம்ரீனை, நாம பேசி முடிச்ச மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு கொடுத்தேன்" என்றார் ஹனீஃபா.

வால் இல்லை, இழுப்பு இல்லை. மகள் பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு சின்னத் தயக்கம், பிறகு குரல் மெதுவாகக் கீழே இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. பாசில் முதல்முறையாக மண்டபம் கேட்கும்படி, "கபூல் செஞ்சேன்" என்று ஏற்றுக்கொண்டான். தூக்கிப் பிடித்த செல்போன்கள் ஏமாந்து கீழே இறங்கின.

சாப்பாடு முடிந்து கார் வாசலுக்கு வந்தபோது சம்ரீன் அம்மாவின் காதில் சொன்னாள்: "நல்லவேளை, நான் பேசுனேன். அத்தாவுக்கு என் பேச்சு ஒட்டிக்கிச்சு."

"உன் பேச்சா?" என்றார் ஷஹனாஸ். "ஏன்டி, உனக்கு அது எங்கிருந்து வந்துச்சு? நான் அறந்தாங்கிக்காரி, நான் அப்படியா பேசுறேன்? நீ பேச்சு வராத பச்சப்புள்ளையா இருந்தப்ப உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ராவும் பகலும் பேசிக்கிட்டே இருந்தது உங்க அத்தாதான். நீ திருப்பி ஒண்ணும் பேச மாட்ட. அவங்களுக்கு ஒட்ட ஒண்ணும் கிடைக்காது. அவங்க வாயில அவங்க பேச்சே வந்தது அப்ப மட்டும்தான். அதைக் கேட்டுத்தான் நீ பேசப் படிச்ச."

பின்னால் சம்ரீனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஹனீஃபாவுக்கு இது காதில் விழுந்தது. பெட்டியைக் கீழே வைத்தார். நல்ல பெட்டி, கடையிலேயே உயர்ந்தது. அதன் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டே, "ஏதாவது பேசும்மா" என்றார்.

"என்ன பேச அத்தா?"

"எதையாவது பேசு. கொஞ்ச நேரம்."

விம்மலுக்கு நடுவில், "போ... போயிட்டு வரேன் அத்தா" என்பதற்குள் மூன்று இடத்தில் சம்ரீனின் குரல் உடைந்தது.

"போ... போயிட்டு வாம்மா" என்றார் ஹனீஃபா. அதே மூன்று இடத்தில் அவருக்கும் உடைந்தது. அது மகளிடமிருந்து ஒட்டிக்கொண்டதா, அவருடையதேதானா என்று சுற்றி நின்ற ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அப்துல் அஹத்தும் அன்றும் கொண்டு வந்திருந்த மஃப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழத் தொடங்கினார்.

"நீங்க எதுக்கு அழறீங்க? புள்ள நம்ம வீட்டுக்குத்தானே வருது!" என்று ஆரிஃபா அதட்டினார். "நிறுத்துங்க. அது அவங்க அழுகை."